பள்ளி மைதானத்து நடுவர்

கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பந்தை உதைத்தவர்களைப் பற்றியே பேசுவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவரோ பந்தை உதைப்பதற்காகக் களம் புகாதவர். இரண்டு அணிகளுக்கும் இடையே ஆட்டம் முடியும்வரை ஓடுவார். எந்த அணியின் வெற்றியிலும் அவருக்குப் பங்கில்லை. ஆட்டம் ஒழுங்காக நடந்து முடிந்தால் அவரை எவரும் நினைப்பதில்லை. ஒரு தவறு நேர்ந்துவிட்டாலோ எல்லாரும் அவரையே ஏசுவர். அவர்தாம் நடுவர். அவருள்ளும் பெரிய அரங்குகளில் ஊதல் ஊதும் புகழ்பெற்ற நடுவரைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. உங்கள் பள்ளி மைதானத்தில், வேப்ப மரத்து நிழல் நீளும் மாலை வேளையில், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளின் நடுவே நிற்கும் நடுவரைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

பல்லடம் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் நான். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றேன். ஆகவே எதைக் கண்டாலும் ‘இது எப்படித் தோன்றியது?’ என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. நடுவர் என்னும் பதவி எப்படித் தோன்றியது என்று கேட்டுப் பார்த்தால், பள்ளி ஆட்டங்களில் நடுவரின் தரம் ஏன் பெரிதாகக் கருதப்பட வேண்டும் என்பதற்கும் விடை கிடைக்கிறது.

1863ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் சில கழகத்தார் கூடிக் கால்பந்துச் சங்கத்தை நிறுவினர். ஆட்டத்துக்கு விதிகளையும் வகுத்தனர். அந்த முதல் விதிகளைப் படிப்போருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அவற்றில் நடுவர் என்ற சொல்லே இல்லை! ஆடுவோர் எல்லாரும் கண்ணியவான்கள்; கண்ணியவான்கள் வேண்டுமென்று தவறு செய்யமாட்டார்கள்; அறியாமல் நேரும் தவறுகளை இரு தலைவர்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் எண்ணம். இங்கிலாந்தின் உயர்குடிப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள் அவர்கள். தங்கள் பள்ளி வழக்கத்தையே உலக வழக்கம் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை நெடுநாள் நிற்கவில்லை. ஆட்டம் ஊர்தோறும் பரவிற்று; கோப்பைகள் வைக்கப்பட்டன; வெற்றிக்கு விலை ஏறிற்று. தலைவர்கள் பேசித் தீர்க்க முடியாமற் போகவே, அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்களை நிறுத்தினர். ஆனால், தன் அணி அனுப்பிய அம்பயர் தன் அணிக்கு எதிராகக் கை உயர்த்துவது எளிதன்று. இருவரும் முரண்பட்டபோது, களத்துக்கு வெளியே நின்ற மூன்றாம் மனிதர் ஒருவரிடம் வழக்கைக் கொண்டுபோயினர். வழக்கு எவரிடம் ஒப்படைக்கப்படுகிறதோ அவரே ‘ரெஃபரி’. அந்த ஆங்கிலச் சொல்லின் பொருளே அதுதான். இரு தரப்பினரும் ஒருங்கே நம்பக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார் என்ற வரலாறு அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. நம்முடைய ‘நடுவர்’ என்னும் சொல்லோ இன்னும் ஒருபடி மேலே போகிறது. அவர் நிற்க வேண்டிய இடத்தையே அது சொல்லிவிடுகிறது.

1891ஆம் ஆண்டை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டில்தான் வெளியே நின்ற நடுவர் களத்துக்குள் வந்தார். இரண்டு அம்பயர்களும் எல்லைக்கோட்டுக்குச் சென்று, கொடி பிடிக்கும் துணை நடுவர்கள் ஆயினர். அவ்வாண்டில்தான் பெனால்டி உதையும் விதியாயிற்று. அதைப் பரிந்துரைத்தவர் அயர்லாந்தின் அர்மா பகுதியில் மில்ஃபோர்டு என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம். அவ்வூர் நம் பல்லடத்தைப் போலவே நெசவால் வாழ்ந்த ஊர். இங்கே பருத்தி, அங்கே சணல். மெக்ரம் ஆலை முதலாளியின் மகன். அதோடு கோல் காப்பாளரும்கூட. தம்மையே துன்புறுத்தக்கூடிய தண்டனையை ஒரு கோல் காப்பாளர் முன்மொழிந்தார் என்பது சிந்திக்கத் தக்கது. அன்றைய கண்ணியவான்களுள் சிலருக்கு இவ்விதி பெரும் அவமானமாகப் பட்டது. ‘நாங்கள் வேண்டுமென்றே தவறு செய்வோம் என்று விதியே கருதுகிறதே!’ என்று குறைபட்டுக்கொண்டனர்.

அதே 1891ஆம் ஆண்டு சனவரித் திங்களில், நாட்டிங்ஹாம் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தில் கோல் கம்பங்களுக்குப் பின்னே வலை கட்டப்பட்டது. லிவர்பூல் நகரத்துப் பொறியாளர் ஜான் அலெக்சாண்டர் பிராடி கண்டுபிடித்த வலை அது. பந்து கம்பத்துக்கு உள்ளே போயிற்றா, வெளியே போயிற்றா என்று எழுந்த பூசல்களே அவரை இதற்குத் தூண்டின. வலை என்பது அழகுக்காகக் கட்டப்படுவதன்று. அது பேசாத சாட்சி. இந்தச் சாட்சி இல்லாத ஒரு மைதானத்தில் நான் செய்த பிழையைப் பின்னர்ச் சொல்லுவேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் கால்பந்தாட்டம் பட்டாளத்தாரோடு வந்தது என்பது உண்மை. ஆயினும் நம் பிள்ளைகளிடம் அதைக் கொண்டு சேர்த்தவர்களுள் ஆசிரியர்களே முக்கியமானவர்கள். கல்கத்தாவின் ஹேர் பள்ளி மாணவரான நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி, 1877ஆம் ஆண்டில் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு பந்தாடத் தொடங்கினார் என்பர். ஆட்டத்தின் முறையை அறியாது தடுமாறிய அச்சிறுவர்களுக்கு அதைக் கற்பித்தவர் மாநிலக் கல்லூரியின் ஆசிரியர் ஸ்டாக் என்பவர். காசுமீரத்துச் சீநகரில் பள்ளித் தலைவராக இருந்த டிண்டேல்-பிஸ்கோ, 1891ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பந்தைக் கொண்டுவந்து வைத்தபோது, தோலாற் செய்த அதைத் தீண்டமாட்டோம் என்று உயர்குல மாணவர் மறுத்தனர். ஆசிரியர்கள் கோலும் கையுமாகச் சூழ்ந்து நிற்க, அம்மாணவர் ஆடவேண்டியதாயிற்று. அந்த முறையை இன்று எவரும் பாராட்டமாட்டோம். ஆனால் அங்கே ஆட்டத்தைக் கொணர்ந்தவர், கற்பித்தவர், நடத்தியவர் எல்லாம் ஒருவரே என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்நாட்டில் 1920ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அங்கும், பின்னர்த் தோன்றிய பிற கல்லூரிகளிலும் பயின்றவர்கள் பள்ளிகளுக்கு வந்தார்கள். நாங்கள் ‘டிரில் மாஸ்டர்’ என்று அழைத்தவர்களும், நீங்கள் ‘பி.டி. சார்’ என்று அழைப்பவர்களும் அந்த மரபினரே. அவர்களுக்கு நம் நாடு பட்ட கடன் பெரிது. காலையில் மாணவரை வரிசையில் நிறுத்துவார்; மாலையில் பந்தாடக் கற்றுக்கொடுப்பார்; கோடு போடச் சுண்ணாம்பைக் கரைப்பார்; போட்டி நாளில் அவரே ஊதலை வாயில் வைத்துக் களத்தில் இறங்குவார்.

இங்கேதான் நம் பள்ளி ஆட்டங்களின் பெருமையும் குறையும் ஒன்றாகப் பிறந்தன. தாமே பயிற்றுவித்த பிள்ளைகளின் ஆட்டத்துக்குத் தாமே நடுவராக நிற்பது எவருக்கும் கடினம். இங்கிலாந்தில் 1891க்கு முன் அம்பயர்கள் பட்ட அதே சங்கடம் இது. அவர்கள் அதைக் கண்டு விதியை மாற்றினார்கள். நாமோ ‘ஆசிரியர்தாமே, நேர்மையாகத்தான் இருப்பார்’ என்று நம்பிப் பல பள்ளிகளில் நெடுங்காலம் மாற்றாமல் இருந்தோம். அந்த நம்பிக்கைக்கு நான் எவ்வளவு தகுதியுடையவனாக இருந்தேன் என்பதை இனிச் சொல்லுகிறேன்.

1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி. நான் இளம் ஆசிரியன். எங்கள் பள்ளி மைதானத்தில் குறுவட்டப் போட்டி. உடற்கல்வி ஆசிரியர் காய்ச்சலால் வரவில்லை. கல்லூரி நாட்களில் பந்தாடியவன் என்ற ஒரே தகுதியால் ஊதலை என்னிடம் கொடுத்தார்கள். ஆடிய அணிகளுள் ஒன்று எங்கள் பள்ளி. மற்றொன்று பக்கத்துக் கிராமத்துப் பள்ளி. கோல் கம்பங்கள் மூங்கிலால் ஆனவை. வலை இல்லை. கொடி பிடித்து நின்ற இரண்டு மாணவர்களும் எங்கள் பள்ளியினரே. இவற்றுள் எதுவும் அன்று எனக்குக் குறையாகத் தோன்றவில்லை.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இரு பக்கமும் கோல் இல்லை. எங்கள் மாணவன் ஒருவன் வலப்புறமிருந்து ஓங்கி உதைத்தான். நானோ மூச்சிரைக்க நடுவட்டத்தின் அருகிலே நின்றுவிட்டேன். பந்து கம்பத்தை ஒட்டிப் பாய்ந்து, பின்னால் நின்ற கூட்டத்துக்குள் புகுந்தது. ‘கோல்!’ என்று எங்கள் பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். அந்த ஆரவாரத்தைக் கேட்டே நான் ஊதினேன். பந்தைப் பார்த்து ஊதவில்லை.

எதிரணியின் கோல் காப்பாளன் பதினான்கு வயதுச் சிறுவன். அவன் கூச்சலிடவில்லை. என்னிடம் நடந்துவந்து, “சார், இங்கெ வந்து பாருங்க சார்” என்று மட்டும் அழைத்தான். போய்ப் பார்த்தேன். கம்பத்துக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, சுண்ணாம்புக் கோடு கலைந்து கிடந்தது. பந்து பட்டுச் சென்ற தடம் செம்மண்ணில் தெளிவாகத் தெரிந்தது. பந்து வெளியே போயிருந்தது.

நண்பர்களே, ஆட்ட விதி இங்கே நடுவருக்கு ஒரு சலுகை தருகிறது. தம் முடிவு தவறென்று உணர்ந்தால், ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு முன் அதை அவர் மாற்றிக்கொள்ளலாம். தொடங்கியபின் மாற்ற இயலாது. பந்து நடுவட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் உதைக்கப்படும்வரை எனக்கு ஒரு நிமிட நேரமாவது இருந்தது. அந்த நேரத்தில் நான் கோட்டுக்கு வெளியே நின்ற எங்கள் ஆசிரியர்களைப் பார்த்தேன். துள்ளிக்கொண்டிருந்த எங்கள் மாணவர்களைப் பார்த்தேன். “முடிவு முடிவுதான், போய் நில்” என்று அச்சிறுவனிடம் சொன்னேன். ஒரு கோல் கணக்கில் நாங்கள் வென்றோம்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் எங்கள் அணியைப் பாராட்டினார்கள். பந்தை உதைத்த மாணவன் என் வகுப்பிலேயே படித்தவன். அன்று அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பந்து எங்கே போயிற்று என்பது அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். பெரியவர்கள் உண்மையைக் கண்ட பிறகும் கைவிடுவார்கள் என்பதை ஒரு சிறுவன் தோற்றுக் கற்றுக்கொண்டான். மற்றொருவன் வென்று கற்றுக்கொண்டான். இரண்டாமவனுக்கு நான் செய்த தீங்கே பெரிது என்று இன்று எண்ணுகிறேன்.

பெரிய போட்டிகளில் நடுவர் பிழை செய்தால் கோப்பை போகும், பணம் போகும். பள்ளி ஆட்டத்தில் அவ்வளவு பெரிய இழப்பு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் ‘சின்னப் பிள்ளைகளின் ஆட்டம்தானே, யார் ஊதினால் என்ன?’ என்கிறோம். நம் பிள்ளைகளில் மிகப் பலர் நீதிமன்றத்தின் படியை மிதிக்காமலே வாழ்ந்து முடிப்பர். வீட்டுக்கு வெளியே, ‘விதி எல்லார்க்கும் ஒன்று’ என்று சொல்லித் தீர்ப்பளிக்கும் மனிதரை அவர்கள் முதன்முதல் காண்பது விளையாட்டு மைதானத்தில்தான். அம்மனிதர் எப்படியோ, அப்படியே நீதியைப் பற்றிய அவர்கள் எண்ணமும் அமையும்.

அந்நிகழ்ச்சிக்குப் பிறகுதான் நான் விதி நூலைத் தேடிப் படித்தேன். நடுவர்களின் வரலாற்றையும் படித்தேன். அங்கே எனக்கு இரண்டு ஆசிரியர்கள் கிடைத்தார்கள்.

ஒருவர் ஸ்டான்லி ரூஸ். இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு நகரத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1934ஆம் ஆண்டு அந்நாட்டுச் சங்கக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் நடுவராக நின்றார். 1938ஆம் ஆண்டில், பல காலம் ஒட்டுப்போட்டு வளர்ந்திருந்த ஆட்ட விதிகளைச் சீர்செய்து, தெளிவான முறையில் திரும்ப எழுதினார். பிற்காலத்தில், 1961 முதல் 1974 வரை, உலகக் கால்பந்துக் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார். நடுவர் களத்தில் எங்கே ஓட வேண்டும் என்பதற்கு அவர் பரப்பிய முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. களத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கரும்பலகையில் ஒரு சாய்கோடு இழுத்துக்கொள்ளுங்கள். நடுவர் ஏறக்குறைய அக்கோட்டின் வழியே ஓட வேண்டும். இரண்டு துணை நடுவர்களும், அவருக்குத் தொலைவாக உள்ள பகுதிகளில் ஆளுக்கு ஒரு பாதியைக் காப்பர். இப்படி நின்றால் பந்து எப்போதும் நடுவருக்கும் ஒரு துணை நடுவருக்கும் இடையிலேயே இருக்கும். இரண்டு திசையிலிருந்து இரண்டு சோடிக் கண்கள் அதைக் காணும். வடிவ கணிதம் படித்த மாணவர் இதை உடனே விளங்கிக்கொள்வர். அன்று நான் நின்ற இடத்தை எண்ணிப் பார்த்தேன். நேர்மை எனக்கு இருந்திருந்தாலும்கூட, அங்கிருந்து உண்மை தெரிந்திராது. நல்லெண்ணம் மட்டும் நடுவரை உருவாக்காது. கால்களுக்கும் கண்களுக்கும் பயிற்சி வேண்டும்.

மற்றொருவர் கென் ஆஸ்டன். அவரும் ஆசிரியர், இலண்டனை அடுத்த இல்ஃபோர்டு பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர். 1962ஆம் ஆண்டு சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டத்துக்கு அவர் நடுவர். அடியும் உதையும் மலிந்த அவ்வாட்டத்தில் காவலர் களத்துக்குள் இறங்க வேண்டியதாயிற்று. பின்னர் 1966ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் நடுவர்களை மேற்பார்க்கும் பொறுப்பில் இருந்தார். இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஆட்டத்தில், ஜெர்மானிய நடுவர் அர்ஜென்டினாவின் தலைவரை வெளியேறச் சொன்னார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அவர் வெளியேற மறுத்து நெடுநேரம் நின்றார். ஆட்டத்துக்குப் பின் ஆஸ்டன் மகிழுந்தில் வீடு திரும்பியபோது, சாலை விளக்கு மஞ்சளாகிச் சிவப்பாவதைக் கண்டார். மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நில்! எந்த மொழியினருக்கும் விளங்குமே! அந்த எண்ணத்தில் பிறந்தவையே மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும். 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை முதன்முதல் வழக்கத்துக்கு வந்தன.

ஆசிரியர்கள் இருவரும் நடுவர் பணிக்குச் செய்த தொண்டைக் கூர்ந்து பாருங்கள். ஒருவர் விதியைப் படிக்க எளிதாக்கினார். மற்றொருவர் தீர்ப்பைக் கண்ணுக்கு விளங்க வைத்தார். இரண்டுமே வகுப்பறைத் திறமைகள். நல்ல நடுவரிடம் நல்ல ஆசிரியரின் குணங்கள் இருக்கும். தண்டிப்பதற்கு முன்னே எச்சரிப்பார். ஏன் தண்டித்தார் என்பது தண்டனை பெற்றவனுக்கே விளங்கும்படி செய்வார். தண்டித்த மறுகணமே கோபத்தை மறந்துவிடுவார்.

இக்காலத்தில் நடுவருக்கு உதவப் பொறிகளும் வந்துவிட்டன. 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்து வீரர் லாம்பார்டு உதைத்த பந்து கோல் கோட்டைத் தெளிவாகக் கடந்து விழுந்தும், நடுவர் அதைக் காணவில்லை. அதன்பின் கோட்டைக் கடந்ததைக் கண்டறியும் கருவியும், காணொளியைப் பார்த்து முடிவைத் திருத்தும் முறையும் பெரிய போட்டிகளில் நுழைந்தன. ஆனால் நம் குறுவட்டப் போட்டிக்கு அக்கருவிகள் எப்போது வரும்? வராமலும் போகலாம். அங்கே இருப்பவர் ஒரு மனிதர்; அவரிடம் இருப்பவை ஓர் ஊதல், ஒரு கடிகாரம், ஒரு மனச்சான்று. ஆகையால் பொறிகள் பெருகிய இக்காலத்திலும் பள்ளி நடுவரின் தரம் மனிதரின் தரமாகவே இருக்கிறது.

அத்தரம் நம்மிடையே வளரக்கூடியதே என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. 2002ஆம் ஆண்டு கொரியாவிலும் சப்பானிலும் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீசுவரன் சங்கர் துணை நடுவராகப் பணிபுரிந்தார். நம் நாட்டு அணி இதுவரை ஆடாத அக்களத்தில் நம் ஊர்க் கொடி பிடித்த கை ஆடிற்று! திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி 2016ஆம் ஆண்டில் பன்னாட்டு நடுவர் தகுதி பெற்றார். அடுத்த ஆண்டு, பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. 2017 அக்டோபர் 14 அன்று கொல்கத்தாவில் சப்பானும் நியூ கலிடோனியாவும் ஆடியபோது, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எஸ்தர் ஸ்டாப்ளி நடுவராக நின்றார். ஆண்களுக்கான அப்போட்டியில் ஒரு பெண் நடுவராவது அதுவே முதன்முறை. அன்று களத்தில் ஓடிய இளைஞர்கள் பெற்ற பாடம் எந்தப் பாடநூலிலும் இராது.

நடுவரின் கடமையைப் பற்றி இவ்வளவு சொன்ன நான், நடுவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையையும் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், நெதர்லாந்து நாட்டின் அல்மேரே நகரில் இளைஞர் அணிகள் இரண்டு ஆடின. தம் மகன் ஆடிய அவ்வாட்டத்தில், ஊதியம் வாங்காமல் கொடி பிடித்து நின்றார் ஒரு தந்தை. ஆட்டம் முடிந்ததும் எதிரணி இளைஞர் சிலர் அவரைத் தாக்கினர். மறுநாள் அவர் இறந்தார். அதை அடுத்த வார இறுதியில் அந்நாடு முழுவதும் தொழில்முறை அல்லாத கால்பந்தாட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. ஆடுகளங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கோட்டுக்கு வெளியே நின்று நடுவரை ஏசும் பெற்றோரும் ஆசிரியரும் இதை மறக்கலாகாது. பெரியவர் நாவில் தொடங்குவது பிள்ளைகளின் கையில் முடியும். நடுவர் பிழை செய்யாதவர் அல்லர். பிழை செய்யக்கூடிய மனிதராக இருந்தும் நமக்காக அந்த இடத்தில் நிற்கச் சம்மதித்தவர்.

நான் தலைமையாசிரியனானபின் எங்கள் பள்ளியில் சில ஏற்பாடுகள் செய்தேன். இரண்டு பள்ளிகள் ஆடினால், மூன்றாவது பள்ளியின் ஆசிரியரே ஊத வேண்டும். கொடி பிடிப்போர் பக்கத்துக்கு ஒருவராகவேனும் இருக்க வேண்டும். கம்பங்களுக்குக் கயிற்று வலை கட்டாமல் ஆட்டம் தொடங்கலாகாது. கீழ் வகுப்பு ஆட்டங்களுக்கு மேல் வகுப்பு மாணவரே விதி படித்து நடுவராக நிற்க வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடே பெரும்பயன் தந்தது. ஒருமுறை ஊதலை ஊதிப் பார்த்த மாணவன், பிறகு எந்த நடுவரோடும் வாதாடமாட்டான். அது எவ்வளவு கடினம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மாணவ நண்பர்களே, உங்களுக்கும் நான் சொல்லக்கூடிய யோசனை அதுவே. ஆடத் தெரிந்தால் ஆடுங்கள். ஆடவரவில்லையே என்று வருந்துவோர் விதி நூலைப் படித்து நடுவராகுங்கள். ஆட்டத்துக்கு இருவரும் வேண்டும்.

எங்கள் கொங்கு நாட்டுப் பருத்தி மண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. எடை போடுமுன் வெறுந்தராசைத் தூக்கிக் காட்டுவார்கள். முள் நேரே நிற்பதை விற்பவரும் வாங்குபவரும் பார்த்த பிறகே மூட்டை ஏறும். திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரமாகிய நடுவு நிலைமையில் வள்ளுவர் துலாக்கோலையே உவமையாகக் காட்டினார். தராசு கோணியிருந்தால் திருத்திக்கொள்வதில் அவமானம் இல்லை. கோணலோடு எடைபோடுவதில்தான் அவமானம். நடுவர் தம் தவறைத் திருத்திக்கொண்டால் மதிப்பிழப்பார் என்று அஞ்சுவது வீண். அவர் மதிப்பு அப்போதுதான் தொடங்குகிறது.

பேச்சை முடிக்குமுன் ஒன்று. நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் இருந்தபோது, விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் தம் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட பிறகும் எழாமல் அமர்ந்திருந்தார்.

“சார், என்னைத் தெரியுதுங்களா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. “அன்னிக்கு மூங்கில் கம்பத்துக்கிட்ட உங்களைக் கூப்பிட்டேனுங்க” என்றார்.

தெரிந்துகொண்டேன்.

“பந்து வெளியதானுங்களே போச்சு?”

“ஆமாம் தம்பி, வெளியேதான் போச்சு. அன்னிக்கே நான் பார்த்தேன்” என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. “அது போதுமுங்க சார்” என்று சொல்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இல்லை. விதி எனக்குத் தந்த ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைப் பல ஆண்டுகள் கழித்து, ஆட்டம் முடிந்து வெகுநேரம் ஆனபின் சொன்னேன். நீங்கள் என்றேனும் ஊதலைக் கையில் எடுத்தால், அந்த ஒரு நிமிடத்தை வீணாக்கிவிடாதீர்கள்.